போன வருடத்துக் குட்டிகள் எங்கே?

தாய்லாந்துச் சுற்றுலா போய்வந்த காரைக்குடிக் குடும்பங்களின் கைபேசியில் ஒரு படம் பெரும்பாலும் இருக்கும். சிமென்ட் மேடையில் புலி நீட்டிப் படுத்திருக்க, அதன் விலாவில் கை வைத்தபடி ஐயாவும் அப்பத்தாவும் பேரப்பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல்கள் குவியும். படத்தைச் சற்றே பெரிதாக்கினால் வேறு சிலவும் கண்ணில் படும். புலியின் கழுத்துச் சங்கிலி இரண்டு முழம் இருந்தால் அதிகம்; தரையில் பதித்த இரும்பு வளையத்தில் அது முடிகிறது. ஓரத்தில் பாதி உடல் மட்டும் படத்தில் விழுந்த ஓர் ஆள், கையில் மூங்கில் குச்சியோடு நிற்கிறார். மேடையின் விளிம்பில் அடுத்த குடும்பம் தன் முறைக்காகக் காத்திருக்கிறது.

புலி வளர்ப்பது செட்டிநாட்டுப் பிரச்சினையா என்று கேட்கலாம். இங்கே யாரும் வளர்க்கவில்லை. சட்டப்படி வளர்க்கவும் முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, சிங்கம், சிறுத்தை மூன்றும் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆனால் டிக்கெட் வாங்குபவர்கள் நாம். வளைகுடாவிலிருந்து வரும் காணொளிகளில் காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் சிங்கக்குட்டியைப் பார்த்து வியப்பவர்களும் நாம்தான். ஐக்கிய அரபு அமீரகம் அந்த ஆசைக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை போட்டுவிட்டது என்பது காணொளியோடு சேர்ந்து வருவதில்லை. 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பையிலிருந்து முனகல் சத்தம் கேட்டுச் சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு சிறுத்தைக்குட்டி, எடை 1.1 கிலோ. அதை வண்டலூருக்கு அனுப்பினார்கள். நாம் வேடிக்கை பார்க்கப் போகும் இடத்துக்கும் நம் விமான நிலையத்துக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருக்கிறது.

அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் புரிந்துகொள்ளக் குட்டியிலிருந்து தொடங்க வேண்டும். மடியில் வைத்துப் பால் புட்டி கொடுத்துப் படம் எடுக்கத் தோதான பருவம் புலிக்குட்டிக்குச் சில வாரங்கள்தான். மூன்று நான்கு மாதம் ஆனதும் அதன் பல்லும் நகமும் விளையாட்டாகப் பட்டாலே ரத்தம் வரும். ஆகவே கடை நடக்க வேண்டுமென்றால் வருடம் முழுவதும் புதுக்குட்டிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். பெண்புலியின் கருக்காலம் ஏறக்குறைய 105 நாள். காட்டில் அது தன் குட்டிகளை இரண்டு வருடம்போல உடன் வைத்திருக்கும். அதுவரை அடுத்த ஈற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. குட்டிகளைப் பிறந்த சில நாட்களிலேயே பிரித்துவிட்டால் தாய் சீக்கிரமே மறுபடியும் சினைக்கு வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் முழுத் தொழிலும் நிற்கிறது. ‘தாய் ஒதுக்கிவிட்டது, நாங்கள்தான் காப்பாற்றி வளர்க்கிறோம்’ என்று வாசலில் நிற்பவர் சொல்வார். ஒரே இடத்தில் எல்லாத் தாய்களும் எல்லா ஈற்றிலும் ஒதுக்குகின்றனவா என்று கேட்கும் சுற்றுலாப் பயணி அரிது.

போன வருடம் மடியில் கிடந்த குட்டி இந்த வருடம் நூறு கிலோவை நெருங்கும் விலங்கு. அதைத் தொட்டுப் பார்க்க யாரும் வரப்போவதில்லை, ஆனால் தினமும் இறைச்சி போட்டாக வேண்டும். அந்தக் குட்டிகள் எங்கே போயின என்பதுதான் இத்தொழிலில் யாரும் கேட்க விரும்பாத கேள்வி. ஒரு பகுதி சங்கிலிக்குப் போகும். ஒரு பகுதி அடுத்த ஈற்றுக்கு. மீதி எங்கே போகக்கூடும் என்பதைத் தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்து ‘புலிக்கோயில்’ உலகுக்குக் காட்டியது. புத்த பிக்குகள் நடத்திய அந்த இடத்தில் 2016இல் அரசு சோதனை போட்டபோது, குளிர்பதனப் பெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. தோலும் தாயத்துகளும் கூடக் கிடைத்தன. உயிரோடிருந்த 147 புலிகளை அரசு எடுத்துக்கொண்டது.

கதை அத்தோடு முடியவில்லை. 2019க்குள் அவற்றில் 86 புலிகள் அரசுப் பராமரிப்பிலேயே இறந்துபோயின. நெருங்கிய ரத்த உறவில் இனம் பெருக்கியதால் நோய் எதிர்ப்பு குறைந்திருந்தது என்றும், குரல்வளை வாதமும் நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் நோயும் தாக்கின என்றும் அதிகாரிகள் சொன்னார்கள். கூண்டுகள் சிறியவை, வசதி போதவில்லை என்று விலங்குநல அமைப்புகள் கூறின. இரண்டும் உண்மையாக இருக்கலாம். பறிமுதல் செய்வது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் சோறு போடுவது வேறு வேலை.

தனியார் வளர்ப்பில் இந்த விலங்குகளுக்கு நேரும் கேடு பெரும்பாலும் அடி உதையால் வருவதில்லை. அன்பாக வளர்ப்பவரிடமும் அது வரும். குட்டிக்கு எலும்பில்லாத கோழிக்கறியாகப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். தசையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. காட்டில் எலும்பையும் தின்று அது ஈடுகட்டப்படுகிறது. வீட்டில் வளரும் குட்டிக்கு எலும்பு வலுவில்லாமல் போய், மேஜையிலிருந்து குதித்தாலே கால் முறியும். பிறகு சிமென்ட் தரை. பருத்த உடலோடு அதிலேயே படுத்தெழுந்து வயது ஏற ஏற மூட்டுவாதம். அமெரிக்காவில் நகத்தை எடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. நகத்தை மட்டும் எடுக்க வழியில்லை. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் சேர்ந்தே போகும். அதன்பின் விலங்கு வாழ்நாள் முழுவதும் அரைக்காலை ஊன்றி நடக்கும்.

இவற்றையெல்லாம் நல்ல கால்நடை மருத்துவரும் நல்ல உணவும் ஓரளவு தடுத்துவிடும். இடத்தை மட்டும் யாராலும் கொடுக்க முடியாது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஒரு ஜோடிப் புலிக்கு வகுத்த குறைந்தபட்சத் திறந்தவெளி 1,000 சதுர மீட்டர். காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு ஏறத்தாழ 20,000 சதுர அடி என்பார்கள்; அதில் பாதியைவிடச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரை நிறைந்த இந்தியக் காடுகளில் ஒரு பெண்புலி மட்டும் சுற்றிவருவது சுமார் 20 சதுர கிலோமீட்டர். ஆண்புலி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அதே தடத்தில், அதே இடத்தில் திரும்பி, மணிக்கணக்கில் நடக்கும் புலியை உயிரியல் பூங்காவில் எல்லோரும் பார்த்திருப்போம். ‘நல்ல சுறுசுறுப்பாக இருக்கிறது’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருப்போம். காட்டில் எந்த ஊனுண்ணி அதிகப் பரப்பில் அலைகிறதோ, அதுவே அடைபட்டால் அதிகமாக இப்படி நடக்கிறது என்று 2003இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

இந்தியா இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தது வீடுகளில் அல்ல, சர்க்கஸ் கூடாரங்களில். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை போன்றவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1991இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, வழக்குகளுக்குப் பின் 1998 அக்டோபரில் சிங்கத்தையும் சேர்த்து மறுபடியும் வெளியிட்டது. சர்க்கஸ்காரர்கள் கேரள உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2001 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். இந்த அறிவிக்கை நமக்கு அந்நியமானதன்று. 2011 ஜூலையில் இதே பட்டியலில்தான் காளையைச் சேர்த்தார்கள். அதைக் கொண்டுதான் 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தது. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் வாடிக் கிடந்த முகங்களை இந்தப் பக்கத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். 2017 ஜனவரியில் மாநிலம் சட்டத்தைத் திருத்தியதும், 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றதும் எல்லோருக்கும் தெரியும். காளையைப் புலியோடு சேர்த்துப் பட்டியலிட்டது பொருந்தாது என்பதே என் எண்ணமும். தொழுவத்தில் பிறந்து, மனிதரோடு வளர்ந்து, அந்தி சாய்ந்ததும் வீடு திரும்பும் மாடு வேறு. எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் வீட்டு விலங்காகாத புலி வேறு. ஆனால் காளைக்காக வந்த கோபத்தில் அந்தப் பட்டியல் முழுவதையும் தூக்கி எறியக் கூடாது. புலிக்கும் சிங்கத்துக்கும் அது செய்த நன்மை பெரியது.

சர்க்கஸ்களிடமிருந்து வாங்கிய நூற்றுக்கணக்கான சிங்கங்களையும் புலிகளையும் எங்கே வைப்பது? வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேருகட்டா போன்ற இடங்களில் மீட்பு மையங்கள் கட்டினார்கள். சர்க்கஸ் சிங்கங்கள் பெரும்பாலும் ஆசிய இனமும் ஆப்பிரிக்க இனமும் கலந்த கலப்பினம். கிர் காட்டுச் சிங்கங்களோடு சேர்க்க முடியாது. எனவே அவற்றுக்குக் கருத்தடை செய்தார்கள். பிறப்பு நின்றது. வயதாகி ஒவ்வொன்றாக இறக்க, கூண்டுகள் காலியாகிக்கொண்டே வந்தன. விளம்பரமில்லை, குட்டி பிறந்த கொண்டாட்டமில்லை, பெயர் சூட்டு விழா இல்லை. நம் நாட்டில் புலி, சிங்கம் போன்ற பெரும் பூனைகளுக்காக நடந்த மிகப் பெரிய மீட்பு வேலை அது. அதைப் பற்றி ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் வியப்பு.

உண்மையான புகலிடத்தை அடையாளம் காண நான் இதைத்தான் அளவுகோலாக வைப்பேன். அது தன் எண்ணிக்கை குறைவதை ஏற்றுக்கொள்ளும் இடம். ஒரு விலங்கு இறந்தால் அந்த இடம் மீட்கப்பட்ட இன்னொன்றுக்குப் போகுமே தவிர, உள்ளேயே பிறப்பித்து நிரப்பப்படாது. மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்து தானாக வருபவை. இனப்பெருக்கம் இல்லையென்றால் விற்பனைக்குக் குட்டி இல்லை. குட்டி இல்லையென்றால் மடியில் வைத்துப் படமெடுக்கும் வரிசையும் இல்லை. அமெரிக்கா இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 2022 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான பெரும் பூனைகள் பொதுப் பாதுகாப்புச் சட்டம், புகலிடம் என்று சொல்லிக்கொள்ள நிபந்தனை வைக்கிறது: இனம் பெருக்கக் கூடாது, விற்று வாங்கக் கூடாது, பார்வையாளர் தொடக் கூடாது, வெளியே கொண்டுபோய்க் காட்டக் கூடாது. முன்பே வைத்திருந்த தனியார் 2023 ஜூன் 18க்குள் பதிவு செய்து, இருப்பதைக் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. அந்த நாட்டை இந்தச் சட்டம் வரை கொண்டுவந்து நிறுத்தியவற்றில் ஒன்று ஒஹாயோ மாநிலத்தின் ஸேன்ஸ்வில் ஊரில் 2011 அக்டோபரில் நடந்தது. உரிமையாளர் தன் விலங்குகளையெல்லாம் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். இருட்டும் நேரம், மயக்க ஊசிக்கு அவகாசமில்லை. போலீஸார் 18 புலிகளையும் 17 சிங்கங்களையும் சுட வேண்டியதாயிற்று. புலிவாலைப் பிடித்தவர் கையை விட்ட கதை அது. விலையைக் கொடுத்தவை புலிகள்.

வெள்ளைப்புலியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு அதன் மேல் தனி மோகம். 1951இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற ஆண்குட்டியிலிருந்தே இன்று அடைப்பில் உள்ள வெள்ளைப்புலிகளில் ஏறக்குறைய எல்லாமே வந்தன. வெள்ளை நிறம் தங்குவதற்காக மோகனை அதன் மகளோடேயே சேர்த்தார்கள். மாறுகண் அந்த நிறமரபணுவோடேயே ஒட்டி வருவது. மற்றக் குறைகள் உறவுக்குள் கலப்பதால் வருபவை. ‘அழிந்துவரும் வெள்ளைப்புலி இனத்தைக் காக்கிறோம்’ என்று எந்த இடமாவது பலகை வைத்திருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். அப்படி ஓர் இனமே இல்லை.

காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். நல்ல மனதில் எழும் கேள்விதான். வால்பாறையில் 2021 செப்டம்பரில் மெலிந்த நிலையில் ஒரு புலிக்குட்டி கிடைத்தது. காட்டில் பிறந்த குட்டி. அதற்கு வேட்டை பழக்க மானாம்பள்ளி வனச்சரகத்தில் மந்திரிமட்டத்தில் 10,000 சதுர அடியில் அடைப்பு கட்டி, மனித முகம் தெரியாமல் வளர்க்க வனத்துறை மெனக்கெட்டது. காட்டுக்குட்டிக்கே இந்தப் பாடு. புட்டிப்பாலில் வளர்ந்து, மனிதரைக் கண்டால் உணவு வருகிறது என்று பழகிய புலி காட்டில் என்ன செய்யும்? முதலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வாசலுக்குத்தான் வரும். கூண்டில் பிறந்த பெரும் பூனைக்குப் பெரும்பாலும் திரும்பிப்போகக் காடு கிடையாது. அதனால்தான் புகலிடம் என்பது சாகும்வரை நீளும் பொறுப்பாகிறது.

சாகும்வரை என்றால் எவ்வளவு? வாரம் ஒரு நாள் பட்டினி போடுவது பூங்கா வழக்கம். மற்ற ஆறு நாளும் ஆறு கிலோ வீதம் வைத்தால் வருடத்துக்கு 1,870 கிலோ இறைச்சி. பதினைந்து வருடத்துக்கு 28 டன். இது ஒரே ஒரு புலிக்கு. கிழப்பருவத்தில் சிறுநீரகக் கோளாறும் பல் கோளாறும் வரும். ஒவ்வொரு முறை பரிசோதிக்கவும் மயக்க மருந்து, மருத்துவர், ஆட்கள். இந்தச் செலவைத் தினசரி டிக்கெட் வசூலை நம்பி நடத்தினால் கூட்டம் சேர்க்கக் குட்டி காட்டும் ஆசை வந்தே தீரும். நகரத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மகமை வைத்து, முதலைத் தொடாமல் வட்டியிலிருந்து நூறு வருடம் கோயில் கட்டளை நடத்தும் முறை இந்த ஊருக்குப் பழக்கமானது. கும்பிட வருகிற கூட்டம் குறைந்தாலும் அன்றைய நைவேத்தியம் நிற்காது. நல்ல புகலிடங்களின் வரவுசெலவும் அப்படித்தான் இருக்கும். விலங்கு வரும் முன்பே அதன் கடைசி வருடத்துக்கான பணத்துக்கு வழி செய்திருப்பார்கள்.

பணம் மட்டும் போதுமா? குஜராத்தின் ஜாம்நகரில் பெரும் தொழிற்குழுமம் நடத்தும் வன்தாரா என்ற விலங்குக் காப்பகம் பற்றிய புகார்களை விசாரிக்க 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. சட்டமீறல் இல்லை என்று குழு அறிக்கை தர, செப்டம்பரில் நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டக் கேள்விக்கு அது பதில். ஓர் இடத்தில் விலங்கு எப்படி வாழ்கிறது என்பது ஒரே தடவை விசாரித்து மூடிவைக்கும் விஷயமன்று. பெரிய இடமோ சின்ன இடமோ, இந்த வருடம் எத்தனை வந்தன, எத்தனை பிறந்தன, எத்தனை இறந்தன, எத்தனை வெளியே போயின என்ற நான்கு எண்களை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற உயிரியல் பூங்காக்கள் இந்தக் கணக்கை மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. நன்கொடை கேட்டு வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். பிறப்பு எண்ணைச் சொல்லத் தயங்கினால் காசோலைப் புத்தகத்தை மூடிவிடலாம். தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்லாமல் கொடுக்க நினைப்பவர்களுக்கு வண்டலூரின் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது. விலங்கின் உணவுச் செலவை ஏற்கலாம். அது உங்கள் விலங்காகாது.

விலகி நின்று காப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு வரும் பறவைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. யாரும் நத்தைகுத்தி நாரையை மடியில் வைத்துப் படமெடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நேராக நம் வீடுகளுக்குள் வருகிறது. வேட்டை பெருமையாக இருந்த காலத்தில் வாங்கியோ பரிசாக வந்தோ பாடம் செய்த புலித்தலையும் சிறுத்தைத்தோலும் பழைய பெரிய வீடுகளின் பட்டாலையில் இன்றும் தொங்கலாம். உயிருள்ள புலியை எந்தச் சட்டம் தடுக்கிறதோ அதே சட்டம்தான் இதற்கும். கணக்கில் காட்டாதவற்றை அறிவிக்க 2003இல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. அது முடிந்துபோன கதை. உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. முனீஸ்வரன் கோயில் தெருவில் தேக்குத் தூணும் எனாமல் பாத்திரமும் விற்பதுபோல இதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வாரிசுக்குப் போகலாம், ஆனால் வாரிசாக வந்தவர் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். வளவில் பங்கு பிரிக்கும்போது சாமி அறைக்கும் சமையல்கட்டுக்கும் இருக்கும் கவனம் பெரும்பாலும் இதற்கு இருப்பதில்லை. சான்றிதழ் கொள்ளுத்தாத்தா பெயரிலேயே கிடக்க, தலை மட்டும் நான்கு பங்காளிகளுக்குப் பொதுவாகத் தொங்கும். வைத்துக்கொள்ள விருப்பமில்லாத சான்றிதழ்காரர், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஏழு வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் காப்பாளரிடமே ஒப்படைத்துவிடலாம். ஈட்டுத்தொகை எதுவும் கிடையாது; சான்றிதழ் ரத்தாகி, பொருள் மாநில அரசின் உடைமையாகிவிடும்.